கொல்லைப்புறத் திண்ணைக்கு என்ன நிறம்?

மார்ச் கடைசி வாரத்தில் வட கரோலினாவில் போய் இறங்கினேன். ராலே விமான நிலையத்தில் இருந்து மகள் வீடு இருக்கிற கேரி நகரம் கொஞ்ச தூரம்தான். வழி நெடுக ஊரே மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது. கார் மேல் மஞ்சள், தபால் பெட்டி மேல் மஞ்சள், வீட்டு வாசல்படியில் கால் வைத்தால் பாதம் பதிகிற அளவுக்கு மஞ்சள்.

"என்னடி இது, மஞ்சப்பொடி டப்பாவைக் கவுத்துன மாதிரி?"

"பைன் மரத்து மகரந்தம்மா. இன்னும் மூணு வாரத்துக்கு இப்படித்தான். துணியைக்கூட வெளியே காயப் போட முடியாது."

மறுநாள் காலை, நேரம் மாறிய குழப்பத்தில் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் காபியோடு பின்கதவைத் திறந்தேன். பின்னாலேயே மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"அத்தை, செருப்பு போட்டுக்கோங்க. சிராய் ஏறிடும்."

அப்போதுதான் கீழே பார்த்தேன். பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி மரத்தளம். இங்கே அதற்கு 'டெக்' என்று பெயர். பலகைகள் எல்லாம் சாம்பல் நிறம். கையால் தடவினால் நார் நாராகச் சொரசொரத்தது. இரண்டு பலகை ஓரத்தில் உளுத்துப் போயிருந்தது. ஆணித் தலைகள் மேலே எழும்பி நின்றன. நான்கு வருடம் முன்பு இவர்கள் வீடு வாங்கியபோது மேலே ஏதோ பூச்சு கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். அதுவும் வெயிலில், மழையில் போயே போய்விட்டது.

உள்ளே பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். பத்து மாதம். கதவைத் திறந்தால் போதும், நேராக டெக்கைப் பார்த்துத்தான் வருவாள்.

தெருத் திண்ணை, கொல்லைத் திண்ணை

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். எங்கள் வீட்டுத் திண்ணை தெருவைப் பார்த்தது. வழிப்போக்கர், மோர்க்காரம்மா, தபால்காரர் என்று யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அமெரிக்க டெக் அதற்கு நேர்மாறு. வீட்டுக்குப் பின்னால், மரங்களைப் பார்த்து, குடும்பத்துக்கு மட்டுமாக இருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

ஆனால் வீட்டில் அதன் வேலை திண்ணை வேலைதான். காலைக் காபி அங்கேதான். மாலையில் கீரை ஆய்வதும் அங்கேதான். பொங்கலன்று மின் அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்கியதும் அங்கேதான் என்று மகள் சொன்னாள். கேரியில் உள்ள வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய் வந்தால், பழக்கமான இரண்டு மூன்று குடும்பங்கள் வந்து உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். கைப்பிடிக் கம்பில் சிவப்புக் கார்டினல் குருவி வந்து உட்காரும். அதுதான் இந்த மாநிலத்தின் பறவை.

அந்த டெக்கைச் சரி செய்ய வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என்ன பூசுவது என்பதில்தான் தகராறு.

மகளுக்குத் தேன் நிறத்தில் மரத்தின் ரேகை தெரிய வேண்டும். மாப்பிள்ளைக்குக் கெட்டியான காப்பிக்கொட்டை நிறம். "ஒரே நாளில் அடிச்சா எல்லா அசிங்கமும் மறைஞ்சிடும்" என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டார்கள். எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகைக்கு அம்மா எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? "கடைக்குப் போய்ப் பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன்.

ஒரு சுவர் நிறைய டப்பா

இங்கே வீட்டு மராமத்துக் கடை என்றால் நம் ஊர் கல்யாண மண்டபம் நான்கைச் சேர்த்த அளவு. அதில் ஒரு சுவர் முழுக்க மரத்துக்குப் பூசும் ஸ்டெயின் டப்பா. ஸ்டெயின் என்பது பெயிண்டும் அல்ல, வார்னிஷும் அல்ல. மரத்துக்குள் இறங்கி நிறம் கொடுக்கும் சாயம். ஒரு மணி நேரம் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் நாங்கள் புரிந்துகொண்டது இது.

முதல் வகை, கண்ணுக்குத் தெரியாத தெளிந்த பூச்சு. மரம் மரமாகவே தெரியும். ஆனால் வெயிலைத் தடுக்காது. ஒரு வருடம் தாங்கினால் பெரிது.

இரண்டாவது, பாதி ஊடுருவித் தெரிகிற வகை. கொஞ்சம் நிறமி இருக்கும். மரத்தின் ரேகையும் தெரியும், நிறமும் வரும். இரண்டு வருடம், கூடிப்போனால் மூன்று.

மூன்றாவது, கெட்டி நிறம். கிட்டத்தட்ட பெயிண்ட் மாதிரி. ரேகை தெரியாது. சுவரிலோ வேலியிலோ அடித்தால் பல வருடம் நிற்கும்.

நிறமிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மரத்தின் நார்களைப் பசை மாதிரி ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முதலில் அதைத்தான் தின்னும். மழை வந்து கழுவி விடும். மிஞ்சுவது வெளுத்த நார் மட்டும். அதன் மேல் பூஞ்சையும் சேர்ந்தால் சாம்பல் நிறம். ஸ்டெயினில் இருக்கும் நிறமி அந்த வெயிலுக்குக் குடை பிடிக்கிறது. நிறம் அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். காவலும் அதுதான்.

"அப்படின்னா கெட்டி நிறம்தான் நல்ல குடை. நான் சொன்னது சரிதானே?" என்றார் மாப்பிள்ளை. அப்போதைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இரண்டு வகையிலும் சின்ன மாதிரி டப்பாக்களை வாங்கிக்கொண்டு வந்தோம்.

சாயமே பூசாத வீடுகள்

ஏப்ரல் கடைசியில், மகரந்தம் அடங்கிய பிறகு, கடற்கரைக்குப் போனோம். 64ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் மூன்றரை மணி நேரத்தில் நாக்ஸ் ஹெட் வந்துவிடும். வழியில் பைன் காடு, பருத்தி வயல், பிறகு சதுப்பு நிலம், அலிகேட்டர் ஆற்றின் மேல் நீண்ட பாலம். கரடி குறுக்கே வரும் என்று எச்சரிக்கைப் பலகை வேறு. பேத்தி வழியெல்லாம் தூங்கினாள்.

1903இல் ரைட் சகோதரர்கள் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட மணல்மேடு இதன் பக்கத்தில்தான். ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. கடலை ஒட்டி வரிசையாகப் பழைய மர வீடுகள். மரக்கால்களின் மேல் நிற்கின்றன. சுவர் முழுக்க மரச்சில்லுகள், ஓடு வேய்ந்த மாதிரி. ஒன்றிலும் பெயிண்ட் இல்லை. உப்புக் காற்றில் எல்லாம் ஒரே சாம்பல். நூறு வருடம் தாண்டிய வீடுகளும் இதில் உண்டு. பழைய பணக்காரக் குடும்பங்களின் கோடை வீடுகள் என்பதால் 'சாயம் பூசாத பிரபுக்கள்' என்று இவற்றுக்குப் பட்டப்பெயர். 1977இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இந்த வரிசையைச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த வீடுகளைச் சுற்றித் தாழ்வாரம் ஓடுகிறது. அதன் கைப்பிடியோடு சேர்த்தே சாய்ந்து உட்காரும் பெஞ்சு செய்திருக்கிறார்கள். பார்த்ததும் "இது நம்ம திண்ணைதானே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது நான் மூன்றாவது கட்சி ஆரம்பித்தேன். "எதுக்கு இத்தனை செலவு? அந்த வீடுங்க மாதிரி அப்படியே சாம்பலா விட்டுட்டா என்ன?"

மகள் பின்சீட்டில் இருந்து, "அம்மா, அந்தச் சுவர் மேல உன் பேத்தி தவழலியே" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தச் சில்லுகள் சீடர் மரம். இயல்பிலேயே சட்டென உளுக்காது. நிமிர்ந்து நிற்கும் சுவரில் மழை வழிந்து ஓடிவிடும். டெக் படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் அதன் மேல் தேங்கும், வெடிப்புக்குள் இறங்கும். எங்கள் டெக்கோ தென்பகுதி மஞ்சள் பைன். மருந்து ஏற்றாவிட்டால் இந்த ஈரத்தில் சில வருடங்களிலேயே உளுத்துவிடும்.

அந்த 'மருந்து ஏற்றிய' என்ற வார்த்தையை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு கேள்வி

மே மாதம் முதல் சனிக்கிழமை. மாப்பிள்ளை உப்புத்தாள் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். சாம்பல் தோலை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, மறுநாளே கெட்டி நிறம் அடிப்பது அவர் திட்டம். மகளும் விட்டுக் கொடுத்துவிட்டாள். வயரை இழுத்து ஸ்விட்சில் செருகப் போகும்போது வேலிக்கு அப்பால் இருந்து ஒரு குரல்.

பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர். வீடு கட்டும் தச்சு வேலையில் நாற்பது வருடம் இருந்தவர். வெளிர் நீலத் தொப்பி ஒன்று எப்போதும் தலையில் இருக்கும். அதில் ஒரு பாதத்தின் படம். குதிகால் மட்டும் கறுப்பு.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த டெக் எந்த வருடம் போட்டது?"

மாப்பிள்ளை உள்ளே போய் வீடு வாங்கிய காகிதங்களைப் புரட்டினார். வீடும் டெக்கும் 1998.

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்படியானால் அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. 2003 முடிவு வரை அமெரிக்காவில் டெக் மரத்துக்கு ஏற்றிய மருந்தில் பெரும்பாலும் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் இருந்தன. ஆர்சனிக் என்றால் நம் ஊரில் பாஷாணம் என்பார்களே, அதே விஷம். கரையானும் பூஞ்சையும் கிட்டே வராது. குழந்தைகள் கைபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போகக் கூடும் என்ற கவலை எழுந்ததால், 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்து ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள். புது மரங்களில் ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்து ஏற்றுகிறார்கள். ஆனால் பழைய டெக்குகள் இன்னும் பல வீடுகளில் அப்படியே நிற்கின்றன. பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. வருடம்தான் துப்பு.

அந்த மரத்தை மெஷின் போட்டுத் தேய்த்தால் தூளாகப் பறக்கும். வீட்டுக்குள் வரும், புல்லில் விழும், மூச்சில் போகும். பக்கத்திலேயே பேத்தியின் விளையாட்டுப் பாய் விரித்திருந்தது. டெக்கின் ஓரத்தை ஒட்டி, கீழே மண்ணில், மகள் ஆசை ஆசையாகப் போட்ட கீரைப் பாத்தி. மருந்து மழையில் கரைந்து அந்த மண்ணிலும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம் என்றார் பெரியவர்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், 1933இல். கரையான் அரிக்காத மரம் வேண்டும் என்று அவர் தேடிய நாளில் அது பெரிய வரம்தான். ஒரு காலத்தில் மரத்தைக் காப்பாற்றிய அதே மருந்துதான் இன்று எங்கள் வீட்டுக் கவலை.

முடிவு எப்படி வந்தது

முதல் யோசனை, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவது. அதற்கான தொகையை விசாரித்ததும் வீட்டில் ஓர் அமைதி நிலவியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பும் இந்தப் பழைய டெக்குகளை உடனே அகற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே ஒழுங்காகப் பூச்சு கொடுத்து வரச் சொல்கிறது. அதிலும் மரத்துக்குள் இறங்கும் வகைப் பூச்சு. ஆண்டுக்கு ஒருமுறையோ, ஈராண்டுக்கு ஒருமுறையோ.

இங்கேதான் பத்து நாள் தகராறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

கெட்டி நிறம் மரத்தின் மேல் தோல் மாதிரி படியும். நடக்கிற தரையில், நாற்காலி இழுபடுகிற இடத்தில், அந்தத் தோல் ஒருநாள் உரியும். உரிந்த செதில் குழந்தை வாய்க்குப் போகலாம். மறுபடி பூச வேண்டுமென்றால் உரிந்ததைத் தேய்த்து எடுக்க வேண்டும். இந்த மரத்தில் செய்யவே கூடாத வேலை அந்தத் தேய்ப்புதான். ஒருமுறை கெட்டி நிறம் அடித்தால் பின்வாங்க வழி கிடையாது.

எண்ணெய் சேர்ந்த, பாதி ஊடுருவித் தெரிகிற ஸ்டெயின் உரியாது. மரத்துக்குள் இருந்தபடியே மெல்லத் தேய்ந்து மங்கும். மங்கியதும் கழுவி, காய வைத்து, மேலேயே இன்னொரு கை பூசலாம். தேய்க்க வேண்டியதில்லை.

"நான் தோத்துட்டேன் அத்தை" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "நீங்க ஒண்ணும் தோக்கல மாப்பிள்ளை. மெஷினை ஓட விடாம நிறுத்துனீங்களே, அதுவே பெரிசு" என்றேன்.

நிறத்தை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். கடைச் சீட்டில் பார்க்கிற நிறம் பழைய மரத்தில் அப்படியே வராது. சாம்பல் மேல் விழுந்து இன்னும் இருட்டும். அதனால் படிக்கட்டுப் பக்கத்து மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள் பூசி இரண்டு நாள் விட்டோம். இரண்டாம் நாள் மதியம் மூன்றிலும் வெறுங்கால் வைத்துப் பார்த்தேன். காப்பிக்கொட்டை நிறம் சுட்டது. தேன் நிறம் சுடவில்லை, ஆனால் கீழே இருக்கும் கறைகளை மறைக்கவில்லை. நடுவில் இருந்த சீடர் நிறம், நம் ஊர் செங்காவிக்குக் கொஞ்சம் வெளிர், இரண்டுக்கும் சரியாக வந்தது. இங்கே ஜூலை வெயில் முப்பத்தைந்து டிகிரியைத் தொடும். வெறுங்காலில் நடந்து பழகிய நம் வீட்டுக்கு அந்தச் சோதனை அவசியம்.

வேலை நடந்த நாட்கள்

முதல் வார இறுதியில் கழுவல். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் வேண்டாம், காரமான ரசாயனம் வேண்டாம் என்றார் பெரியவர். கையுறை போட்டுக்கொண்டு, மென்மையான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷுமாக, பலகை பலகையாகத் துடைத்தோம். எழும்பிய ஆணிகளை மாப்பிள்ளை அடித்து இறக்கினார். உளுத்த இரண்டு பலகைகளை அறுக்காமல் முழுதாகக் கழற்றி, கவுண்டியின் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த மரத்தை எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் விஷம்.

கீரைப் பாத்தியை மகள் தானே பிடுங்கினாள். வேலியோரம், புது மண் நிரப்பிய தொட்டிகளில் மறுபடி விதைத்தோம்.

பிறகு ஒரு வாரம் காய விட்டோம். காய்ந்ததா என்று பார்க்கப் பெரியவர் சொன்ன சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சில நிமிடங்களில் உறிஞ்சினால் மரம் தயார். முத்து முத்தாக நின்றால் காத்திருக்க வேண்டும். பழைய பலகைகள் தாகத்தோடு குடித்தன. புதிதாகப் போட்ட இரண்டில் மட்டும் தண்ணீர் நின்றது. மருந்தின் ஈரம் இன்னும் போகவில்லை. அந்த இரண்டையும் அப்போதைக்கு விட்டுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை வானிலை பார்த்து ஆரம்பித்தோம். முந்தின இரண்டு நாளும் மழை இல்லை, பிந்தின இரண்டு நாளும் இல்லை. பத்து டிகிரிக்குக் குறையக் கூடாது, முப்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது. நேர் வெயிலில் பூசினால் உள்ளே இறங்கும் முன்பே காய்ந்துவிடும் என்பதால், நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே நாங்களும் நகர்ந்தோம். இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கலந்துகொண்டோம். டப்பாவுக்கு டப்பா நிறம் கொஞ்சம் மாறும். நிறமி அடியில் தங்குவதால் அடிக்கடி கிளற வேண்டும். ஒரு பலகையைத் தொட்டால் அந்தக் கோடி வரை நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் திட்டு விழும்.

மாப்பிள்ளை பூசப் பூச, நான் பின்னாலேயே துணியால் துடைத்து வந்தேன். மரம் குடித்தது போக மீதி மேலே நிற்கக் கூடாது. நின்றால் பிசுபிசுவென்று கிடக்கும். அம்மா ஊஞ்சல் பலகைக்குச் செய்த வேலை அப்படியேதான். எண்ணெய் வை, ஊற விடு, மீதியைத் துடை.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடப் போனேன். பெரியவர் வேலிக்கு அப்பால் இருந்தே கத்திவிட்டார். எண்ணெய் நனைந்த துணி காயும்போது தானாகச் சூடு பிடிக்கும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தீப்பிடித்துவிடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காய வைக்க வேண்டும், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்த வேண்டும்.

கறுப்புக் குதிகால்

வேலை முடிந்து பெரியவருக்கு இஞ்சி டீயும் முறுக்கும் கொடுத்து உட்கார வைத்தோம். அன்றுதான் அந்தத் தொப்பிப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

அது சேப்பல் ஹில் ஊரில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்து விளையாட்டு அணிகளின் சின்னம். 'டார் ஹீல்ஸ்' என்று பெயர். தார் ஒட்டிய குதிகால் என்று அர்த்தம். மாநிலத்துக்கே அதுதான் செல்லப்பெயர்.

அமெரிக்கா பிரிட்டனின் கையில் இருந்த நாளில், கப்பல்கள் எல்லாம் மரம். மரம் உளுக்காமல் இருக்க, தண்ணீர் புகாமல் இருக்க, கீலும் தாரும் பூச வேண்டும். 1705இல் பிரிட்டன் அதற்கு ஊக்கத்தொகையே அறிவித்தது. நீள இலைப் பைன் காடுகள் நிறைந்த வட கரோலினா அந்தத் தொழிலில் முதலிடத்துக்கு வந்தது. பைன் கட்டைகளை அடுக்கி, மேலே மண் போட்டு மூடி, உள்ளே மெதுவாகக் கனிய விடுவார்கள். கீழே தார் வழியும். உயிர் மரங்களின் பட்டையை வரிவரியாகக் கீறிப் பிசினும் வடித்தார்கள். கைகாலெல்லாம் தார் அப்பிய அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். ஏளனமாகச் சொன்ன பெயர்தான் பின்னால் பெருமையாக மாறியது. ஒருகாலத்தில் ஒன்பது கோடி ஏக்கர் பரந்து கிடந்த அந்தப் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சொற்பம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஊர் ஞாபகம். கரையான் வராமல் இருக்க உத்தரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்களே, கை பட்டால் கொப்பளிக்குமே. எந்த ஊரானாலும் மரத்தைக் காப்பாற்றுகிற பூச்சு யாரோ ஒருவருடைய தோலில் பட்டுத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பரில் நான் கிளம்பும்போது பேத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். அந்தச் செங்காவித் தரையில் ஒரு பெரிய பாய் விரித்திருந்தோம். விளையாடி உள்ளே வந்தால் முதல் வேலை கை, கால் கழுவல். தின்பண்டம் எதையும் பலகை மேல் நேராக வைப்பதில்லை. மூன்று வருடத்தில் பணம் சேர்த்துப் பலகைகளையே மாற்றிவிடுவது என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறார். அதுவரை இந்தப் பூச்சுதான் காவல்.

இப்போது மறுபடியும் மார்ச். நேற்று மகள் வீடியோ அனுப்பியிருந்தாள். டெக் மேல் மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுப் பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுகிறாள். சேம்பு இலையில் நிற்கிற மாதிரி மூன்று சொட்டு உருண்டு நிற்கிறது. கதவோரம் விட்ட நாலாவது சொட்டு மெல்ல உள்ளே போகிறது.

"அந்த இடத்துக்கு மட்டும் மே மாசம் ஒரு கை பூசிடுங்க" என்று பதில் போட்டேன்.

டெக் வைத்திருக்கும் வீடுகளுக்கு

* முதலில் வருடம் கேளுங்கள். அமெரிக்காவில் 2004க்கு முன் போட்ட டெக் என்றால் உப்புத்தாள் மெஷின், தண்ணீர் பீய்ச்சும் மெஷின் இரண்டும் வேண்டாம்.

* நடக்கிற தரைக்கு உள்ளே இறங்கும் ஸ்டெயின். கெட்டி நிறத்தைச் சுவருக்கும் வேலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

* நிறத்தைக் கடைச் சீட்டில் முடிவு செய்யாதீர்கள். உங்கள் மரத்தின் மூலையில் பூசி, காய்ந்த பிறகு பாருங்கள். மதியம் ஒருமுறை வெறுங்காலில் மிதித்தும் பாருங்கள்.

* சொட்டுத் தண்ணீர் சோதனை: பூசும் முன் மரம் குடிக்க வேண்டும். பூசிய பின் குடிக்கக் கூடாது.

* எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதீர்கள்.